பதினைந்து வெள்ளை ஃபாரம்

வெயிலுகந்தாளின் புத்தகம் மே பதினொன்றாம் தேதி காலை ஒன்பதே காலுக்கு நாலாம் எண் அச்சிக்கு, அதாவது அச்சு இயந்திரத்துக்கு, வந்தது. அச்சியை ஓட்டிக்கொண்டிருந்தவள் அவளுடைய அம்மா கனிஷ்கா; அவளுக்கு அது முதல் பருவம். சேவுப் பொட்டலங்களை அவள் முந்தின நாளே வாங்கி வைத்துவிட்டாள்.

அது அந்த அச்சகத்து வழக்கம். ஏப்ரல் ஏழு முதல் மே கடைசி வரை ஐம்பத்தைந்து நாள் மட்டும் வேலைக்கு வரும் பருவக்காரர்களுக்கு, தன்நூல் வாரியம் செய்துகொடுத்த ஒரே சலுகை அதுதான்: சொந்தப் பிள்ளையின் புத்தகம் சொந்த அச்சியிலேயே வரும். வந்த அன்று சாத்தூர்ச் சேவு வாங்கி நாற்பது பேருக்கும் கொடுக்க வேண்டும். மறந்தவரைப் பருவம் முடியும்வரை ஜாடை பேசியே கொன்றுவிடுவார்கள்.

ஒரு வகுப்புக்கு ஒரே பாடநூல் என்பது நின்றுபோய் இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. இப்போது மார்ச் மாதத்தில் ஒவ்வொரு பிள்ளையின் மேசையிலும் பத்து நாள் ஓர் அளவி நிற்கும். பார்வைக்கு மேசை விளக்குதான். ஆனால் பிள்ளை எந்த வரியில் தயங்குகிறது, எதைத் தாண்டிப் போகிறது, எங்கே கண் திரும்பி வருகிறது, வாய்விட்டு எதைக் கேட்கிறது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்பை வைத்து அந்த ஒரு பிள்ளைக்காக மட்டும் ஒரு புத்தகம் எழுதப்படும். லாரி ஓட்டுபவர் மகனுக்கு லாரிச் சக்கரத்தை வைத்தே வகுத்தல் வரும். மாவட்டத்துப் பிள்ளைகள் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேரில் இரண்டு பேருக்கு ஒரே மாதிரிப் பக்கம் வராது. பக்கத்து வீட்டுப் பையனைப் பார் என்று எந்தத் தாயும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு முழுவதும் செய்யப்பட்டது.

அதனால் எல்லாப் புத்தகமும் வெளியே ஒரே கனம்: இருபது ஃபாரம், முந்நூற்று இருபது பக்கம். ஃபாரம் என்றால் பதினாறு பக்க மடிப்பு. இயந்திரங்கள் எத்தனையோ மாறியும் அச்சகக்காரர்கள் அந்தச் சொல்லை விடவில்லை. ஒரு பிள்ளைக்கு எத்தனை ஃபாரம் பாடமோ அத்தனையில் எழுத்து விழும். மீதி வெள்ளையாகவே பின்னால் சேர்ந்து கட்டாகும். வீட்டில் பார்ப்பவர்கள் அதை ரஃப் தாள் என்று நினைத்துக்கொள்வார்கள். எத்தனை அச்சு, எத்தனை வெள்ளை என்ற எண்ணிக்கை அச்சியை ஓட்டுபவருக்கு மட்டும்தான் திரையில் தெரியும்.

கனிஷ்கா திரையைப் பார்த்தாள். வெயிலுகந்தாள், நான்காம் வகுப்பு. அச்சு ஐந்து. வெள்ளை பதினைந்து.

முதலில் அவள் நம்பவில்லை. பெயரை மறுபடி படித்தாள். பழைய பெயர்கள் திரும்ப நாகரிகமாகிவிட்ட காலம்தான் என்றாலும், வெயிலுகந்தாள் என்று மாவட்டத்தில் நாலாம் வகுப்பில் இன்னொருத்தி இருக்க வாய்ப்பில்லை. முகவரியும் அவள் வீட்டு முகவரிதான்.

அதற்கு முன்னால் அவள் அடித்து முடித்தது, சாமான் ஏற்றுமதி செய்கிற ஒரு பெரிய வீட்டுப் பையனின் புத்தகம். அவனுக்குப் பத்தொன்பது ஃபாரம் அச்சு. அந்தக் கட்டு இன்னும் சூடு ஆறாமல் தட்டில் கிடந்தது. அவனுக்குப் பத்தொன்பது, என் பிள்ளைக்கு ஐந்து. காற்றாலை பழுது பார்க்கக் கடலுக்குப் போய் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடு வருகிற அப்பன், பருவத்தில் அச்சி ஓட்டி மற்ற நாளில் அட்டைப்பெட்டி மடிக்கிற ஆத்தாள். இதுக்கு இவ்வளவு போதும் என்று தீர்த்துவிட்டார்கள் என்று கனிஷ்கா நினைத்தாள்.

வேறு ஊர்க்காரி என்றால் இவ்வளவு பதறியிருக்க மாட்டாள். அச்சகத்து ஊரில் பிறந்தவர்களுக்கு வெள்ளைத்தாளைப் போல உறுத்துவது எதுவும் கிடையாது. கட்டிய புத்தகத்தில் ஒரு பக்கம் எழுத்தில்லாமல் போய்விட்டால் அதற்கு ‘வெள்ளை விழுந்துருச்சு’ என்று பெயர். அந்த வார்த்தை காதில் பட்டால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவன்கூட எச்சில் கையோடு எழுந்து ஓடுவான். வெள்ளை என்றால் பிழை. அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மறுவேலை.

மூன்றாம் எண் அச்சியிலிருந்து மாரீஸ்வரன் எட்டிப் பார்த்தார். வாரியம் தொடங்கிய முதல் பருவத்திலிருந்து வருகிறவர். பல் போன பிறகும் சேவை விடாதவர்.

“என்னத்தா, சேவு வாங்கியாந்திருக்கன்னு வாசம் சொல்லுது. இன்னும் பிரிக்கக் காணோம்?”

கனிஷ்கா திரையைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பினாள். மாரீஸ்வரன் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு தன் அச்சியைப் பார்க்கத் திரும்பினார்.

“வெள்ளை விழுந்தா மாத்துறதுதான நம்ம வேல,” என்றார். “நான் ஒண்ணும் பாக்கல.”

மாற்றுவது சுலபம். தாள் கசங்கினாலோ மை இழுத்தாலோ ‘பழுது’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அச்சி அந்த ஃபாரத்தைக் கழிவுத் தட்டில் தள்ளிவிட்டு, அந்த வகுப்புக்குரிய பொதுப் பாடங்களிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்து அந்த இடத்தில் அடித்துவிடும். அவசரத்துக்கு வைத்த ஏற்பாடு. கனிஷ்கா பதினைந்து முறை அழுத்தினாள். பதினைந்து முறையும் ஒரு வெள்ளை ஃபாரம் தட்டில் வந்து விழுந்தது. பெருக்கல், நீரின் வடிவங்கள், நமது மாவட்டம், பிரித்து எழுதுக, கோடிட்ட இடத்தை நிரப்புக. எல்லாம் ஒழுங்காக, அழகாக, ஓரம் வரை நிறைந்து விழுந்தன.

கட்டி முடித்து வந்த புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டினாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எழுத்து. ஒரு பக்கம்கூட வெள்ளை இல்லை. அழுகை வரும்போல இருந்ததை அடக்கிக்கொண்டு சேவுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

கழிவுத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போகப் பருவக்காரர்களுக்கு அனுமதி உண்டு. பிள்ளைகளின் புத்தகத்துக்கு அட்டை போட உதவும். அந்தப் பதினைந்து வெள்ளை ஃபாரத்தையும் கனிஷ்கா சுருட்டி எடுத்துவந்து பரணில் போட்டாள். கண்ணில் படாத இடத்தில் கிடக்கட்டும் என்றுதான்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் வாரத்திலேயே வெயிலு புத்தகத்தோடு அடுக்களைக்கு வந்தாள்.

“எம்மா, இதுல பாதிக்கு மேல எனக்குத் தெரிஞ்சதாத்தான் இருக்கு.”

“தெரிஞ்சதையும் படிச்சா என்ன குறைஞ்சா போவ? நல்லா மனசுல நிக்கும்.”

“நிக்கத்தான் செய்யிது. அதாஞ் சொல்றேன்.”

வெயிலு அப்படித்தான். ஒன்பது வயசு, வாய் மட்டும் பத்தொன்பது. கேள்வியும் அப்படியே. மச்சில் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லியைப் பார்த்துவிட்டு, “நம்ம தலகீழா நின்னா மூஞ்சில ரத்தம் ஏறி சிவந்துருது. இது நாள் முழுக்கத் தலகீழாத்தான நிக்கிது, இதுக்கு ஏம்மா ஏற மாட்டேங்குது?” என்று கேட்பாள். கனிஷ்காவுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல அம்மாக்களுக்கு வாய் வராது. “மொத புத்தகத்துல இருக்கறத முடி. பல்லியப் பெறவு பாக்கலாம்,” என்பாள்.

புத்தகத்தில் இருப்பதை முடிக்க வெயிலுவுக்கு ஒரு வருஷம் பிடித்தது. முந்நூற்று இருபது பக்கம் அல்லவா. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் இருபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத அளவாகக் கோடு போட்ட இடம். வெயிலு கோட்டுக்குள் எழுதினாள். தீபாவளிக்குள் பல்லியைப் பற்றிய பேச்சு நின்றது. பொங்கலுக்குள் எதைப் பற்றியும் கேட்பது நின்றது. வாசலில் உட்கார்ந்து பாடத்தை ஒரே சுரத்தில் சொல்லிக்கொண்டிருப்பாள். டீச்சர் கனிஷ்காவை வழியில் பார்த்து, “இப்ப ரொம்ப அடக்கமாயிட்டா உங்க மக,” என்று சொன்னார். கனிஷ்காவுக்குப் பெருமையாக இருந்தது.

மறு ஏப்ரலில் பருவம் தொடங்கிய இரண்டாம் வாரம், சென்னையிலிருந்து வாரியத்தின் பொறியாளர் ஒருவர் வந்தார். பெயர் எபினேசர். ஒல்லியான, சத்தமில்லாத மனிதர். வந்தவர் யாரையும் விசாரிக்கவில்லை. சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அச்சிகளின் அடியில் படுத்துவிட்டார். மூன்று நாள் உருளைகளைக் கழற்றி, அளந்து, துடைத்து, மாட்டினார். அக்கினி நட்சத்திரத்துக்கு முந்தின வெயில். அவருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். முதுகெல்லாம் மசி. “தங்கமான மனுசன்” என்றார்கள்.

நாலாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்பது பேரையும் தாள் கிடங்கில் கூடச் சொன்னார். தாள் கட்டுகளின் மேல் ஆளுக்கொரு இடம் பார்த்து உட்கார்ந்தார்கள்.

“உங்க இயந்திரத்துல எனக்குப் புரியாத ஒரு பழுது இருக்கு,” என்று ஆரம்பித்தார் எபினேசர். “லட்சத்துக்கு மேல புத்தகம் அடிக்கிறீங்க. எல்லாம் சுத்தமா வருது. வருஷத்துக்கு ஒரு முப்பது, நாப்பது புத்தகத்துல மட்டும் ஏகப்பட்ட பழுது விழுது. அதுவும் வெள்ளை ஃபாரத்துல மட்டும். முதல் வருஷத்துலேருந்து இப்படித்தான் இருந்திருக்கு, நாங்கதான் இப்ப கவனிச்சோம். வேற எந்த மாவட்டத்து அச்சகத்துலயும் இது இல்ல. வெறும் தாளை இந்த உருளைங்க சரியாப் பிடிக்கலயோன்னு பாக்க வந்தேன். உருளையில ஒரு குறையும் தெரியல. அதனால உங்களையே கேக்கறேன். யாருக்காவது ஏதாவது தோணுதா?”

மாரீஸ்வரன் இருமினார்.

“அந்தப் புத்தகமெல்லாம் யாரோட பிள்ளைங்களுக்குன்னு எனக்குத் தெரியாது. எங்களுக்குப் பேர் வராது, எண் மட்டும்தான் வரும்,” என்றார் எபினேசர். “வெள்ளைத்தாள்தானே, போனா என்னன்னு நீங்க நினைக்கலாம். இத்தனை வருஷம் அதை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு வெச்சிருந்தாங்க. இந்த வருஷம் பெற்றோருக்கே சொல்லப்போறாங்க, அதனால உங்ககிட்டச் சொல்றதுல தப்பில்ல. நாம பாடம்னு அச்சடிக்கிறது பிள்ளைக்குத் தெரியாததை மட்டும்தான். தெரிஞ்சதை அளவி விட்டுடும். வெள்ளை கூடக் கூட, அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க எங்ககிட்ட சரக்கு குறைவா இருக்குன்னு அர்த்தம். அதனால மீதி இடத்தை அதுகிட்டயே விட்டுடறோம். என்ன எழுதணும்னு சொல்ல மாட்டோம். ஆசிரியரும் சொல்லக் கூடாது. வருஷக் கடைசியில புத்தகத்தைத் திரும்ப வாங்கும்போது, அந்தத் தாள்ல அது என்ன கேட்டிருக்கு, என்ன கிறுக்கியிருக்கு, எதை வரைஞ்சிருக்குன்னு பாப்போம். சொந்தமா கேள்வி கேக்கற பிள்ளைங்களுக்குன்னு மாநிலத்துல இருக்கற ஒன்பது தேடல் பள்ளிக்கும் ஆள் எடுக்கிறது அதை வெச்சுத்தான்.”

எபினேசர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார்.

“பழுது விழுந்த புத்தகங்களோட எண்ணை எடுத்துப் பாத்தேன். இருபத்தஞ்சு வருஷத்துல அறுபத்து மூணு பிள்ளைங்களுக்குப் பன்னிரண்டு வெள்ளைக்கு மேல அளவி கொடுத்திருக்கு. பன்னிரண்டுங்கிறது சாதாரணமில்லீங்க. அறுபத்து மூணு பேர்ல ஒருத்தருக்கும் அந்தத் தாள் போய்ச் சேரல. ஒரு இயந்திரக் கோளாறுனால.” அவர் தாளை மடித்தார். “அதான் எனக்குத் தாங்கல.”

கனிஷ்கா தலையைத் தூக்கவில்லை. தன் பெயரைச் சொல்லப்போகிறார்கள் என்று காத்திருந்தாள். பிறகு மெல்லப் பக்கவாட்டில் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. மாரீஸ்வரன் கையிலிருந்த மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருடைய மகன் பதினோராம் எண் அச்சி ஓட்டுகிறவன், எதிரே ஒரு தாள்கட்டின் மேல் உட்கார்ந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறாம் எண் காளீஸ்வரி முந்தானையை வாயில் வைத்திருந்தாள். ஒவ்வொருவரும் தான் ஒருத்தர்தான் செய்தோம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார்கள். நாற்பது பேரில் இருபத்து மூன்று பேர் பழைய பருவக்காரர்களின் பிள்ளைகள். கனிஷ்கா எண்ணிப் பார்த்தாள். எண்ணும்போதே தன்னையும் சேர்க்க வேண்டும் என்பது நினைவு வந்தது.

அவள் அப்பா கனகவேல் முதல் பருவத்து ஆள். அப்போது அவளுக்கு ஏழு வயசு. இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினார். “ஒரு பக்கம்கூட வெள்ளை இல்ல, பாத்தியா? எம் மகளுக்கு எல்லாம் முழுசு.” எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். அவர் போய் எட்டு வருஷம் ஆகிறது. எத்தனை வெள்ளையை எடுத்தார் என்று இனி கேட்க முடியாது. ஒன்றா, பதினாறா, ஒன்றுமே இல்லையா. அந்தத் தாள் கையில் கிடைத்திருந்தால் ஏழு வயசுக் கனிஷ்கா அதில் என்ன எழுதியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றுமே தோன்றவில்லை. அதுதான் அவளுக்குப் பயத்தைக் கொடுத்தது.

கூட்டம் கலைந்ததும் அவள் நேராக எபினேசரின் கண்ணாடி அறைக்குப் போனாள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

“உருளையெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். நான்தான் அமுக்குனேன். போன வருசம். எம் மகளுக்குப் பதினஞ்சு வெள்ளை வந்துச்சு. ஒண்ணுமில்லாமப் பண்ணிட்டாங்கன்னு நெனச்சு எல்லாத்தையும் அச்சாப் போட்டுட்டேன்.”

எபினேசர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். கையில் ஒட்டியிருந்த மசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதினஞ்சா?” என்றார்.

“ஆமா சார். என்னைய வேலையவிட்டு எடுத்துருங்க. அவளுக்கு அந்த வெள்ளைய மட்டும் இந்த வருசம் திரும்பக் குடுத்துருங்க.”

அவர் வெயிலுவின் எண்ணைக் கேட்டு வாங்கித் திரையில் தேடினார். இந்த வருஷத்து அளவி மார்ச்சிலேயே முடிந்திருந்தது. அச்சு பதினெட்டு. வெள்ளை இரண்டு.

“தப்பா அளந்திருக்கு சார்.”

“இல்லம்மா. இன்னிக்கு அந்தப் பிள்ளை எப்படி இருக்கோ அதைச் சரியாத்தான் அளந்திருக்கு. போன வருஷம் எப்படி இருந்துச்சுங்கிறது அதுக்குத் தெரியாது.” நிதானமாக, ஆனால் அவளைப் பார்க்காமல் சொன்னார். “சொன்னதை மட்டும் செய்யற பிள்ளைக்கு நிறையச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். அதனால பதினெட்டு. இப்பப் போய் அதை எடுத்துட்டு வெள்ளையை வெச்சா, அது திகைச்சு நின்னுடும்.”

கனிஷ்கா நின்றாள். திரையிலிருந்த எண்களை மறுபடி படித்தாள்.

“நீங்க மட்டுமா?” என்று கேட்டார் எபினேசர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அச்சிகள் ஓடவில்லை. நாற்பதில் முப்பத்தொன்பது பேரும் அவரவர் இடத்தில் நின்றுகொண்டு இந்த அறையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாரீஸ்வரனின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

“நான் மட்டுந்தான் சார்,” என்றாள் கனிஷ்கா.

அவர் அதை நம்பினாரா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. “அப்ப மத்த புத்தகத்துக்கெல்லாம் உருளையாத்தான் இருக்கணும்,” என்று சொல்லி, நாற்பது அச்சிக்கும் புது உருளை வேண்டும் என்று எழுதிக்கொண்டார். இந்தப் பருவத்தோடு அவள் நின்றுவிட வேண்டும் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர்தான் தப்புச் செய்தவர்போலத் தலை குனிந்திருந்தார்.

புது உருளைகள் வந்தன. அவற்றோடு, பழுதான ஃபாரத்துக்குப் பதில் வெள்ளைத்தாளையும் வைக்க அச்சியில் வசதி வந்தது. வாரியம் வெள்ளைத்தாளின் கதையை ஊருக்கெல்லாம் அறிவித்தது. அச்சகத்தில் அதற்குப் பிறகு சேவு வாசம் போகவே இல்லை. தினமும் யாராவது ஒருவர் வீட்டுப் புத்தகம் வந்தது. தினமும் ‘பழுது’ பொத்தான் அழுந்தியது. ஒரு வித்தியாசம்தான். இப்போது கழிவுத் தட்டில் விழுந்தவை அச்சான ஃபாரங்கள். அவற்றின் இடத்தில் வெள்ளை போய் உட்கார்ந்தது.

மே இரண்டாம் வாரத்தில் மாரீஸ்வரனின் பேரன் புத்தகம் வந்தது. மகனுக்குப் பதிலாகத் தாத்தாவே வந்து பதினோராம் எண் அச்சியில் நின்றுகொண்டார். கனிஷ்கா அவர் அருகில் போனாள். அந்தப் பையனை அவளுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்புக்குப் போகிறவன். இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான்.

“எத்தனை அண்ணே வந்துச்சு?”

“முழுக்க அச்சு. இருவது.” அவர் விரல் நிற்கவில்லை. “பதினாறு மாத்தியாச்சு.”

“அவனுக்கு எழுத்தே இன்னும் சரியா வரலயே அண்ணே. அந்தப் பாடத்த எடுத்துட்டா எப்பிடிப் படிப்பான்?”

“வெள்ளைல எழுதிப் பழகட்டும்.”

“அண்ணே, நான் செஞ்ச அதே தப்பு.”

மாரீஸ்வரன் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. “எம் மகனுக்குப் பதினாலு வந்துச்சுத்தா. பத்து வயசுல. பதினாலையும் இந்தக் கையாலதான் மாத்துனேன். அவன் இப்பக் கூடத்துல எனக்கு எதுத்தாப்புல உக்காந்து சாப்புடுறான், ஒரு வார்த்த பேச மாட்டேங்கறான். பேரனுக்காச்சும் நான் ஏதாச்சும் செய்யணும்ல?”

அன்றைக்குக் கண்ணாடி அறையில் தான் யாரைக் காப்பாற்றினோம் என்று நினைத்திருந்தாளோ, அவர்கள் பிள்ளைகளின் பாடங்கள் அவள் கண்முன்னே கழிவுத் தட்டில் விழுந்துகொண்டிருந்தன. ‘நாற்பது பேரும்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பொத்தானை அன்றே பூட்டியிருப்பார்கள்.

வெயிலுவின் புத்தகம் மே பதினான்காம் தேதி வந்தது. அச்சு பதினெட்டு, வெள்ளை இரண்டு. கனிஷ்கா எதையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அச்சி அதன் போக்கில் அடித்து, மடித்து, கட்டித் தரும்வரை நின்றாள். சேவும் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவர்கள் எத்தனை என்று கேட்கவில்லை. கட்டாயம் நிறைய வெள்ளை வைத்திருப்பாள் என்று அவர்கள் நினைப்பது முகத்தில் தெரிந்தது.

பருவத்தின் கடைசி நாளில் அச்சக வாசலில் வாரியம் ஒரு பதாகை கட்டியது. மாநிலத்திலேயே அதிக வெள்ளைத்தாள் பெற்ற பிள்ளைகள் உள்ள ஊர் இதுதான் என்று அதில் எழுதியிருந்தது. புது உருளைகள் நன்றாக வேலை செய்கின்றன என்று எபினேசரும் ஒரு கடிதம் போட்டிருந்தார். பருவக்காரர்கள் பதாகைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கனிஷ்கா கணக்கை முடித்துக்கொண்டு மதியமே வீட்டுக்குக் கிளம்பினாள்.

வீட்டில் வெயிலு புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். மூலைகளை அழகாக மடித்து, ஒரு சுருக்கம் விழாமல். கனிஷ்கா நாற்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து அந்தச் சுருட்டை இறக்கினாள். ஒரு வருஷத்துத் தூசி. தட்டி, நீவி, பதினைந்து ஃபாரத்தையும் வரிசையாக அடுக்கி, கோணி ஊசியால் முதுகில் தைத்தாள். ஓரம் கொஞ்சம் பழுப்பேறியிருந்ததே தவிர, நல்ல தாள். இருநூற்று நாற்பது பக்கம். வாரியம் இதைப் படிக்காது, யாரும் திரும்ப வாங்கவும் மாட்டார்கள். ஆனாலும் இது அவளுடையது.

“இந்தா,” என்று மகளிடம் கொடுத்தாள். “இது ஒன்னோடது. போன வருசமே வந்தது. நான்தான் தெரியாம எடுத்து வெச்சுட்டேன்.”

வெயிலு வாங்கிக்கொண்டாள். முதல் பக்கத்தைத் திருப்பினாள். இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். ஒரு பக்கமும் விடாமல் நிதானமாகக் கடைசி வரை திருப்பினாள். பிறகு கடைசித் தாளின் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

“கேள்வி எங்கம்மா இருக்கு?”

“கேள்வி கெடையாது. ஒனக்குத் தோணுறத எழுது.”

“கேள்வி இருந்தாத்தான பதில் எழுத முடியும்?” வெயிலுவின் முகத்தில் எரிச்சல் இல்லை, குறும்பு இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள்.

கனிஷ்கா மச்சைப் பார்த்தாள். பல்லி இருந்தது. பழைய பல்லிதானோ வேறோ, விளக்குக்குப் பக்கத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தது.

“அந்தா பாரு. நாள் முழுக்கத் தலகீழா நிக்கிதே, அதப் பத்தி நீ என்னமோ கேப்பியே. ஞாபகமிருக்கா?”

வெயிலு அண்ணாந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“அது எந்தப் பாடம்மா?”

கனிஷ்கா பென்சிலை எடுத்தாள். பல்லிக்கு ஏன் ரத்தம் தலைக்கு ஏறுவதில்லை என்று முதல் பக்கத்தின் மேலே எழுதிக் கொடுத்துவிட்டால், மகள் அதற்குக் கீழே கோட்டில் எழுதுவதுபோல ஒழுங்காக ஏதாவது எழுதுவாள். பென்சில் முனை தாளைத் தொட்டது. அங்கேயே அவள் கை நின்றது. இன்னொரு வெள்ளையை நிரப்பப் பார்க்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பென்சிலை நோட்டின் மேல் வைத்துவிட்டு அவள் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயிலு கையைக் கட்டிக்கொண்டு, அம்மா கேள்வியைச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.